ரொவானியெமியில் ஒரு பனிக்கால நாள்: நாய்வண்டி, மான்வண்டிச் சுற்றுலா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பின்லாந்தின் வடக்கே, லாப்லாந்தில் இருக்கும் ஊர் ரொவானியெமி. பனிக்காலத்தில் அங்கே வழிகாட்டியோடு காலையில் கிளம்பி, ஹஸ்கி நாய்கள் இழுக்கும் வண்டியிலும் ரெயின்டீர் இழுக்கும் வண்டியிலும் ஏறி, மதியம் சாப்பிட்டுத் திரும்பும் ஒருநாள் சுற்றுலா பிரபலம். அதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே தொகுத்திருக்கிறோம்.

பெயர் பற்றி ஒரு வார்த்தை. ரெயின்டீரைக் ‘கலைமான்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. தமிழில் கலை என்றால் ஆண்மான். ரெயின்டீரில் பெண்ணுக்கும் கொம்பு உண்டு. அதனால் இங்கே ‘பனிமான்’, சுருக்கமாக ‘மான்’ என்றே எழுதுகிறோம்.

1. ரொவானியெமிக்கு எப்படிப் போறது? நிஜமாவே ஆர்க்டிக்தானா?

ஹெல்சிங்கியிலிருந்து விமானத்தில் ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். இரவு ரயிலில் படுத்துத் தூங்கினால் சுமார் 12 மணி நேரம். இந்தியர், இலங்கையர் இருவருக்குமே ஷெங்கன் விசா வேண்டும். அதற்குப் பயணக் காப்பீடும் கட்டாயம், குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்பதாக இருக்க வேண்டும். நாய்வண்டியை ‘சாகச விளையாட்டு’ என்று விலக்கிவைக்கும் காப்பீடுகள் இருக்கின்றன, வாங்கும்போதே அந்தப் பத்தியைப் படித்துவிடுங்கள்.

நகரம் ஆர்க்டிக் வட்டத்துக்குக் கொஞ்சம் தெற்கே இருக்கிறது. அங்கிருந்து சுமார் 8 கி.மீ. வடக்கே சாண்டா கிளாஸ் கிராமத்தில் அந்த வட்டம் போகும் இடத்தைத் தரையில் ஒரு கோடாகப் போட்டிருக்கிறார்கள், 8ஆம் எண் பேருந்து அங்கே போகும். கோட்டைத் தாண்டிப் படம் எடுத்துக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் பூமியின் அச்சுச் சாய்வு மெல்ல மாறுவதால் உண்மையான வட்டம் ஆண்டுக்குப் பதினான்கு, பதினைந்து மீட்டர் வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கிறது. தரையில் போட்ட கோடு அங்கேயேதான் கிடக்கிறது.

2. ஒரு நாள் டூர்னா காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் வண்டியிலேயே போவோமா?

இல்லை. ஏமாற்றத்துக்கு முதல் காரணமே இந்த நினைப்புதான். ஒன்பது, ஒன்பதரைக்கு விடுதியில் வந்து அழைத்துப்போவார்கள். குளிர் உடை மாட்டவே அரை மணிக்கு மேல் ஆகும். பிறகு வேனில் காட்டுக்குள் இருக்கும் நாய்ப் பண்ணை, அங்கே விளக்கம், ஓட்டம். அடுத்து மான் பண்ணை. நடுவில் தீமூட்டிய குடிலில் சாப்பாடு. விடுதிக்குத் திரும்பும்போது பிற்பகல் இரண்டு, மூன்று மணி ஆகிவிடும். இதில் வண்டியில் உட்கார்ந்திருக்கும் நேரம் இரண்டும் சேர்த்து ஒன்று, ஒன்றரை மணி நேரம் இருந்தாலே பெரிது.

ஆகவே முன்பதிவு செய்யும்போது மணிக்கணக்கைப் பார்க்காதீர்கள், கிலோமீட்டரைப் பாருங்கள். ‘5 மணி நேர ஹஸ்கி, ரெயின்டீர் அனுபவம்’ என்று போட்டிருக்கும். உள்ளே தேடினால் நாய்வண்டி 2 கி.மீ., மான்வண்டி 400 மீட்டர் என்று இருக்கும். நானூறு மீட்டர் என்பது ஒரு விளையாட்டு மைதானத்தைச் சுற்றிவருவது. நாய்வண்டிக்கு 8 முதல் 10 கி.மீ., மான்வண்டிக்கு 2 கி.மீ.யாவது இருந்தால்தான் ஊரும் சத்தமும் பின்னால் போய்க் காடு தெரியும். தூரமே எழுதாத விளம்பரமாக இருந்தால் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

3. எந்த மாசம் போகலாம்? டிசம்பர்ல சூரியனே வராதாமே?

வரும், ஆனால் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். டிசம்பர் 21 வாக்கில் ரொவானியெமியில் 11 மணிக்கு மேல் உதித்து 1.30க்குள் மறையும், மொத்தம் இரண்டேகால் மணி நேரம். முன்னும் பின்னும் நீலமும் இளஞ்சிவப்பும் கலந்த வெளிச்சம் நெடுநேரம் நிற்கும், படம் எடுக்க அருமையான வேளை. ஒன்பதரை மணிச் சுற்றுலாவில் கிளம்பினால் உடை மாட்டும்போது சூரியன் இன்னும் எழுந்திருக்காது.

பிப்ரவரி கடைசியில் பகல் ஒன்பதரை மணி நேரத்தைத் தாண்டிவிடும், பனியும் ஆழமாக இருக்கும். கிறிஸ்துமஸ் கூட்டமும் விலையும் இறங்கியிருக்கும். எங்கள் பரிந்துரை பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை. நவம்பரில் போகாதீர்கள், பனி போதாமல் போக வாய்ப்பு அதிகம். மார்ச்சில் போகிறவர்களுக்குக் கறுப்புக் கண்ணாடி அவசியம், வெண்பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கூசவைக்கும்.

4. எவ்வளவு குளிரும்? ஊட்டிக்குப் போட்ட ஸ்வெட்டர் போதுமா?

போதாது. சாதாரணமாக மைனஸ் 5 முதல் மைனஸ் 20 வரை. சில நாள் மைனஸ் 30. அதோடு வண்டி ஓடும் காற்றும் சேரும். மைனஸ் 20இல் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போனால் முகத்துக்கு அது மைனஸ் 30 மாதிரி இருக்கும்.

சுற்றுலாவை நல்லபடி நடத்துகிறவர்கள் மேலங்கியும் காற்சட்டையும் ஒன்றாய்த் தைத்த தடித்த உடை, பனிப்பூட்ஸ், கம்பளிக் காலுறை, கையுறை எல்லாம் தருவார்கள். அது வெளி அடுக்கு மட்டும். உள் இரண்டு அடுக்கும் உங்கள் பொறுப்பு. தோலை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது செயற்கை இழைத் தெர்மல், அதன் மேல் ஃப்ளீஸ் (மெத்தென்ற செயற்கை இழை மேலாடை). பருத்தி பனியனும் ஜீன்ஸும் வேண்டவே வேண்டாம். வேர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும், வண்டி நின்றதும் அந்த ஈரம் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். நம் ஊரில் பருத்தி நல்லது என்பதும் இதே காரணத்தால்தான். கழுத்துக்கும் மூக்குக்கும் பஃப் என்னும் குழாய்த்துணி, காதை மூடும் குல்லா.

5. ரெண்டு மூணு சாக்ஸ் போட்டும் கால் விறைச்சுப் போச்சுன்னு சொல்றாங்களே?

மூன்று போட்டதால்தான் விறைத்தது. பூட்ஸுக்குள் கால்விரல்களை ஆட்ட இடம் இல்லை என்றால் ரத்தம் ஓடாது, இடையில் நிற்கும் காற்று அடுக்கும் நசுங்கிவிடும். ஒரு மெல்லிய காலுறை, அதன் மேல் ஒரு தடித்த கம்பளி, உங்கள் அளவைவிட ஓர் எண் பெரிய பூட்ஸ். உடை தரும் இடத்தில் எழுந்து நின்று விரலை மடக்கிப் பாருங்கள், மடங்கவில்லை என்றால் கூச்சப்படாமல் பெரியது கேளுங்கள்.

கைக்கு விரல் தனித்தனியான கையுறையைவிட நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் மிட்டன் மேல். படம் எடுக்கக் கழற்ற வேண்டியிருக்கும் என்பதால் உள்ளே ஒரு மெல்லிய கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கைச்சூட்டுப் பைகளை முன்கூட்டியே பிரித்துக் காற்றுப்பட வையுங்கள், காற்றில்லாமல் சூடேறாது. நேராகத் தோலில் வைக்க வேண்டாம்.

6. முகத்துல தேங்காய் எண்ணெய் தடவிக்கிட்டா போதுமில்ல?

தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உறைந்துவிடும். எந்த எண்ணெயும் களிம்பும் பனிக்கடியை, அதாவது குளிரில் தோல் உறைந்துபோவதைத் தடுக்காது, தடவிவிட்டோம் என்ற தைரியம்தான் ஆபத்து. மூடுவது ஒன்றே வழி.

பனிக்கடி முதலில் கன்னம், மூக்கு நுனி, காது மடலில் வரும். வலி போய் மரத்துவிடும். நம் நிறத்தில் வெள்ளைத் திட்டு சட்டென்று தெரியாது, சாம்பல் பூத்தாற்போல், மெழுகு மாதிரித் தோன்றும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கூட வருகிறவரின் முகத்தைப் பாருங்கள், அவர் உங்கள் முகத்தைப் பார்க்கட்டும். திட்டு தெரிந்தால் வெறும் உள்ளங்கையை அதன்மேல் வைத்துச் சூடேற்றி வழிகாட்டியிடம் சொல்லுங்கள். தேய்க்கக் கூடாது, பனியை வைத்துத் தேய்க்கவே கூடாது. மூக்குத்தி, ஜிமிக்கி போன்றவற்றை விடுதியில் கழற்றி வைத்துவிடுவது நல்லது, உலோகம் குளிரை நேராகத் தோலுக்குக் கடத்தும். கழற்ற முடியாத மூக்குத்தி என்றால் பஃபைக் கீழே இறக்காதீர்கள்.

7. நாய்வண்டியை நாமளே ஓட்டணுமா? எனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

ஒரு வண்டிக்கு இரண்டு பேர், நான்கு முதல் ஆறு நாய்கள். ஒருவர் முன்னால் மான்தோலோ போர்வையோ போர்த்தி உட்காருவார். மற்றவர் பின்னால் இரண்டு சறுக்குக்கட்டைகளின் மேல் நின்று ஓட்டுவார், பாதி வழியில் மாறிக்கொள்ளலாம். ஓட்ட விருப்பமில்லாதவர்களை வழிகாட்டியின் வண்டியில் உட்காரவைக்கும் இடங்களும் உண்டு, முன்பே சொல்ல வேண்டும்.

திருப்புவது உங்கள் வேலையே இல்லை. முன்னால் போகும் வழிகாட்டியின் தடத்தை நாய்கள் பிடித்துக்கொள்ளும். உங்கள் வேலை பிரேக். கட்டைகளுக்கு நடுவே ஒரு ரப்பர் பாய் தொங்கும், அதில் ஒரு கால் வைத்தால் வேகம் குறையும். அதற்குப் பக்கத்தில் கீழே இரும்பு நகங்கள் வைத்த சட்டம் இருக்கும். அதில் இரண்டு காலையும் வைத்து முழு எடையும் கொடுத்தால்தான் வண்டி நிற்கும். மெல்லிய ஆட்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். பாதி எடையைக் கைப்பிடியில் தொங்கவிட்டுக்கொண்டு காலால் மட்டும் அழுத்தினால் நாய்கள் ஜெயித்துவிடும்.

இறக்கத்தில் பிரேக்கைத் தொட்டபடியே போக வேண்டும், இல்லாவிட்டால் வண்டி பின்னிரண்டு நாய்களின் காலில் போய் இடிக்கும். இழுகயிறு எப்போதும் விறைப்பாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாலே போதும், தொய்ந்தால் பிரேக். ஏற்றத்தில் ஒரு காலால் தரையை உதைத்து உதவுங்கள். வளைவில் வளையும் பக்கமாகச் சாயுங்கள். முழங்காலைக் கொஞ்சம் மடக்கியே நில்லுங்கள்.

8. ஓட்டும்போது விழுந்துட்டா?

விழலாம், பனி மெத்தென்றுதான் இருக்கும். கைப்பிடியை மட்டும் விடாதீர்கள். ஓட்டுகிறவர் கீழே விழுந்தாலும் நாய்கள் நிற்காது, முன்னால் உட்கார்ந்திருப்பவரோடு ஓடிக்கொண்டே இருக்கும். விட்டுவிட்டால் உரக்கக் கத்துங்கள், வழிகாட்டி பிடித்துக்கொள்வார்.

நிற்கும்போதும் பிரேக்கை விட்டு இறங்கக் கூடாது. பனி நங்கூரம் என்று இரட்டைக் கொக்கி ஒன்று இருக்கும், அதைத் தரையில் அழுத்தி மிதித்த பிறகும் வழிகாட்டி சொல்லும்வரை பிரேக்கிலேயே நில்லுங்கள். ஒரு நாயின் கால் கயிற்றுக்குள் மாட்டிக்கொண்டால் நீங்களாகப் போய் எடுக்க வேண்டாம், நிறுத்திக் கையை உயர்த்துங்கள்.

9. கிளம்பறதுக்கு முன்னாடி நாய்ங்க அந்தக் கத்து கத்துதே, அடிக்கிறாங்களா? ஒல்லியா வேற இருக்கு.

அடிப்பதில்லை, ‘இன்னும் ஏன் விடவில்லை’ என்ற சத்தம் அது. குதிக்கும், கயிற்றைக் கடிக்கும், ஊளையிடும். நங்கூரத்தைத் தூக்கிய அடுத்த நொடி எல்லாம் அடங்கிவிடும். அதன்பின் பனியில் கட்டை வழுக்கும் சத்தமும் நாய்களின் மூச்சும்தான். ஓடிக்கொண்டே பனியை ஒரு வாய் கவ்வும், அது தாகத்துக்கும் சூட்டுக்கும். ஓடிக்கொண்டே மலமும் கழிக்கும், முன்னால் உட்கார்ந்திருப்பவர் வாயை மூடிக்கொள்வது உத்தமம்.

படங்களில் பார்க்கும் நீலக்கண் ஹஸ்கி சைபீரிய இனம். பல பண்ணைகளில் இழுப்பது அலாஸ்கன் ஹஸ்கி, ஓட்டத்துக்கென்றே வளர்த்த கலப்பு. இருபத்தைந்து கிலோவைத் தாண்டுவதே குறைவு, நீண்ட கால், ஒட்டிய வயிறு. மெலிவும் பட்டினியும் வேறு: முதுகெலும்பும் இடுப்பெலும்பும் துருத்திக்கொண்டு, ரோமம் மங்கியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

10. மான்வண்டி எப்படி இருக்கும்? வேகமா போகுமா?

மெதுவாக. நடை வேகம்தான், மணிக்கு ஐந்தாறு கிலோமீட்டர். ஒரு மானுக்கு ஒரு வண்டி, அதில் இரண்டு பேர். ஒரு மானின் கயிறு முன்வண்டியின் பின்னால் கட்டியிருக்கும், வழிகாட்டி முதல் மானைப் பிடித்து நடப்பார். நீங்கள் போர்வைக்குள் மான்தோலின் மேல் சாய்ந்து உட்கார வேண்டியதுதான். காதைக் கொடுத்துக் கேட்டால் ஒவ்வோர் அடிக்கும் ‘டிக், டிக்’ என்று ஒரு சத்தம் வரும். குளம்பின் சத்தமல்ல, பாதத்தில் தசைநார் எலும்பின்மேல் வழுக்கும் சத்தம்.

திடீரென்று ஊர்வலம் நின்றால் பதறாதீர்கள். பனிமான் ஓடிக்கொண்டே சிறுநீர் கழிக்காது, நின்றுதான் கழிக்கும். அதை வைத்தே பழைய பின்லாந்துக்காரர்கள் ஒரு தூர அளவு வைத்திருந்தார்கள்: ‘போரோன்குசெமா’, ஒரு மான் நிற்காமல் போகும் தூரம், ஏறக்குறைய ஏழரை கி.மீ.

11. மானைத் தொடலாமா? கொம்பைப் பிடிச்சு போட்டோ எடுத்துக்கலாமா?

கொம்பைத் தொடாதீர்கள். அது மானுக்கு ஆயுதம், தலையை ஒரு வெட்டு வெட்டினால் கண்ணில் படும். பின்பக்கமாகப் போகாதீர்கள். வழிகாட்டி சொன்னால் கழுத்தில் தடவலாம், பாசியை உள்ளங்கையை விரித்து நீட்டலாம்.

வண்டி இழுப்பவை பெரும்பாலும் காயடித்த ஆண்கள், பழக்க மூன்று ஆண்டுபோல ஆகும். காயடிக்காத ஆணுக்கு இணைசேரும் பருவம் முடிந்து குளிர்காலத் தொடக்கத்திலேயே கொம்பு உதிர்ந்துவிடும். பெண்ணுக்கு வசந்தத்தில் குட்டி போடும்வரை இருக்கும். ஒரு கொம்பு மட்டும் உள்ள மானைப் பார்த்து அடிபட்டதென்று நினைக்க வேண்டாம், இரண்டும் ஒரே நாளில் விழுவதில்லை.

12. ரெண்டுல ஒண்ணுதான் முடியும்னா எது?

காலும் முதுகும் நன்றாக இருந்தால் நாய்வண்டி. கைக்குழந்தை, வயதான பெற்றோர் என்றால் மான்வண்டி. நாய்வண்டி மேடுபள்ளத்தில் தூக்கிப்போடும், இடுப்புவலிக்காரருக்கு ஆகாது. கர்ப்பிணிகளை நாய்வண்டியில் ஏற்ற மாட்டார்கள். ஓட்டப் பெரும்பாலும் 18 வயது ஆகியிருக்க வேண்டும், சில இடங்களில் 15. சின்னக் குழந்தைகளுக்குக் கீழ்வரம்பு இடத்துக்கு இடம் மாறும். குழந்தை தனக்குக் குளிர்கிறது என்று சொல்லாது, அசையாமல் போர்த்தி உட்கார்ந்திருப்பதால் பெரியவர்களைவிட வேகமாக விறைக்கும். 2ஆம் பதிலில் நீண்ட தூரம் கேளுங்கள் என்றோமே, ஐந்து வயதுக்குக் கீழ் குழந்தை இருந்தால் அதைத் தலைகீழாகப் படியுங்கள்.

13. நாங்க சுத்த சைவம். அங்கே என்ன கிடைக்கும்? வண்டி இழுத்த மானையே சமைப்பாங்களாமே?

வழக்கமான சாப்பாடு சால்மன் மீன் சூப், அல்லது மெல்லியதாகச் சீவி வதக்கிய மான் இறைச்சியோடு மசித்த உருளைக்கிழங்கும் லிங்கன்பெரி என்னும் புளிப்புச் சிவப்புப் பழமும். மான் வளர்ப்பு அங்கே இறைச்சிக்கான தொழில்தான், வண்டி அதன் ஓரத்தில் வந்தது. ஆனால் வருடக்கணக்கில் பழக்கிய மானைக் கறிக்குப் போட யாருக்கும் மனசும் வராது, கட்டுபடியும் ஆகாது.

‘வெஜிடேரியன்’ என்று மட்டும் சொன்னால் முட்டை வரலாம், மீன் சாறு வராதென்றும் உறுதியில்லை. ‘இறைச்சி, மீன், முட்டை மூன்றும் கூடாது, பால் பரவாயில்லை’ என்று முன்பதிவிலேயே எழுதுங்கள். காட்டில் அன்றைக்குச் சொன்னால் ரொட்டியும் சூடான பெரிப்பழச் சாறும்தான் மிஞ்சும். தீயில் வாட்டத் தரும் சாசேஜில் பன்றி இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். ஊறுகாய்ப் பொட்டலம் கொண்டுபோவதை யாரும் தடுக்கப்போவதில்லை.

14. பாத்ரூம்?

காட்டில் பெரும்பாலும் தண்ணீர் இல்லாத மரக் கழிப்பறை. அந்தத் தடித்த உடையைத் தோளிலிருந்து கழற்றி மறுபடி மாட்டக் கால் மணி போய்விடும். உடை மாட்டுவதற்கு முன்பே போய்விடுங்கள். ஈரத் துடைதாள் (வெட் வைப்ஸ்) கொண்டுபோனால் உள்பையில் வையுங்கள், வெளிப்பையில் கல்லாகிவிடும்.

15. போன் ஆஃப் ஆயிடுமா?

ஆகும், 40 விழுக்காடு காட்டிக்கொண்டிருந்தே அணையும். பேட்டரி காலியானதல்ல, குளிரில் மின்னோட்டம் தர முடியாமல் போனது. ஃப்ளீஸுக்கு உள்ளே உடம்புச் சூட்டில் வைத்து எடுக்கும்போது மட்டும் வெளியே எடுங்கள். குடிலுக்குள் போகும்முன் கேமராவை ஜிப் பையில் போட்டு மூடிவிடுங்கள். சூடான காற்றிலுள்ள ஈரம் பையின்மேல் படியும், லென்ஸுக்குள் போகாது. நாய்வண்டி ஓட்டுகிறவர் கையில் போன் வேண்டாம், காரணம் 8இல் இருக்கிறது.

16. புடவை கட்டி ஒரு போட்டோ எடுத்துக்கணும், விடுவாங்களா?

நின்றபடி இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்ளலாம், தெர்மலுக்கு மேல் கட்டினால் போதும். வண்டியில் கூடாது. முந்தானை, துப்பட்டா, நீளமான ஸ்கார்ஃப் எல்லாம் சறுக்குக்கட்டையிலும் பிரேக்கிலும் மாட்டும். தொங்கும் எதையும் உடைக்குள் செருகிவிட வேண்டும், நீளச் சடையும் சேர்த்து.

17. ரொம்பக் குளிர்னா ரத்து பண்ணிடுவாங்களா? பணம்?

மைனஸ் 30ஐ நெருங்கினால் தூரத்தைக் குறைப்பார்கள், அதற்கும் கீழே ரத்து செய்யலாம். வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு, ஒப்பந்தத்தில் இருக்கும். பலருக்குத் தெரியாதது இதன் மறுபக்கம். வெப்பம் பூஜ்யத்துக்கு மேல் போனாலும் நாய்வண்டி நிற்கும், அல்லது குறையும். ஹஸ்கிக்கு மைனஸ் 10, 20தான் சுகம், அதற்கு மேல் ஓடினால் உடம்பு சூடேறிவிடும். ‘இன்னிக்கு வெயில் நல்லாத்தானே இருக்கு, ஏன் குறைச்சீங்க’ என்று சண்டை போடாதீர்கள். கடைசி நாளில் பதிவு செய்யாமல் நடுவில் செய்தால் தள்ளிவைக்க இடம் இருக்கும்.

18. விலங்குகளை நல்லா வெச்சிருக்காங்களான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

முன்பதிவுக்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். ஒரு நாய் ஒரு நாளில் மொத்தம் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது? ஓய்வு நாள் உண்டா? வயதான நாய்கள் எங்கே? நல்ல பண்ணைக்காரர் மூன்றாவது கேள்விக்குப் பெயர் சொல்லியே பதில் தருவார். நேரில் பார்க்கும்போது கூடுகளில் காய்ந்த வைக்கோல் இருக்கிறதா, சேணம் உரசும் தோள்பட்டையிலும் அக்குளிலும் ரோமம் உதிர்ந்து புண் இருக்கிறதா என்று பாருங்கள். நூறு மீட்டர் சுற்றில் வரிசையாக ஆளேற்றி இறக்கும் இடத்தில் நாய்க்கும் உங்களுக்கும் சலிப்புதான்.

19. ‘சாமி மக்களின் ஆயிரம் ஆண்டுப் பாரம்பரியம்’னு போட்டிருக்கே, நிஜமா?

சாமி என்பது அந்த வடபுலத்தின் பூர்வகுடி, நம் சாமியோடு சம்பந்தமில்லை. நார்வேயிலும் ஸ்வீடனிலும் மான் வளர்ப்பு பெரும்பாலும் அவர்களுக்கே உரிய உரிமை. பின்லாந்தில் அப்படியில்லை, மான் வளர்ப்புப் பகுதியில் வாழும் மற்றவர்களும் வளர்க்கலாம். 54 கூட்டுறவுக் குழுக்கள் இருக்கின்றன, நாடு முழுக்கச் சேர்த்து 2,03,700 மானுக்கு மேல் வைத்திருக்கக் கூடாதென்று வரம்பும் உண்டு. சாமிகளின் தாயகப் பகுதி இனாரி, உட்ஸ்யோகி, எனோன்தெக்கியோ, சோதன்குலாவின் வடபகுதி. ரொவானியெமி அதற்கு வெளியே, தெற்கே இருக்கிறது. அங்கே மான் வளர்ப்பவர் சாமியாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சாமி அல்லாதவர்கள் சாமி உடை மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டு சடங்கு காட்டுவது அந்த மக்களின் நெடுநாள் மனக்குறை. நாய்வண்டியோ லாப்லாந்தின் பழக்கமே அல்ல, சுற்றுலாவோடு வந்தது. மகிழ்ச்சிக்குக் குறையில்லை, பாரம்பரியம் என்று காசு கொடுக்க வேண்டாம், அவ்வளவுதான்.

20. மான் வளர்க்கிறவர்கிட்ட ‘உங்களுக்கு எத்தனை மான்?’னு பேச்சு கொடுக்கலாமா?

எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான், அவர் சிரித்து மழுப்புவார். ‘வங்கியில் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்’ என்று கேட்பதற்குச் சமம் அது. அதற்குப் பதிலாகக் காதைப் பற்றிக் கேளுங்கள். ஒவ்வொரு மானின் காது ஓரத்திலும் அதன் சொந்தக்காரருக்கே உரிய வெட்டு அடையாளம் இருக்கும். குட்டியிலேயே கத்தியால் போடுவது, வீட்டுக்கு வீடு வேறு. கேட்டால் தன் அடையாளத்தைப் பனியில் குச்சியால் வரைந்தே காட்டுவார்கள்.